நாய் ஒருவருடையது, கழிவை அள்ளும் கை இன்னொருவருடையதா? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து

2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு அகற்றுமாறு உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர ஏனையவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், உணவிடுவதற்குத் தனி இடங்களை ஒதுக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறியது. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றும் ஆணை வந்தது. இந்த மூன்று மாதங்களிலும் ஊடகங்களில் ஓயாமல் பேசியவர்கள் இரு தரப்பினர். ஒரு தரப்பு விலங்கு ஆர்வலர்கள். மறு தரப்பு நாய்க்கடிக்கு அஞ்சிய குடியிருப்போர். விடியற்காலையில் விளக்குமாறும் தட்டும் தள்ளுவண்டியுமாகத் தெருவுக்கு வந்து, இரவெல்லாம் நாய்கள் இட்டுச் சென்றதை அள்ளும் தூய்மைப் பணியாளரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

நாய் வளர்ப்போரின் பொறுப்பு என்னும் பொருளை நாம் அந்தப் பணியாளரின் இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். புதுச்சேரியின் ஊரகப் பகுதியை, குறிப்பாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை, எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நகரத்துக் கடற்கரைச் சாலையில் நாய்க்கழிவு கிடந்தால் அது செய்தியாகிறது. ஏரிக்கரையிலும் காலனித் தெருவிலும் கிடந்தால் அது இயல்பாகிறது. அந்த இயல்பு எவ்வாறு உருவாகிறது, சட்டம் அதில் எங்கே நிற்கிறது, எதைச் செய்ய இயலும் என்பவற்றைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் கையில் வைத்துக்கொள்ளத்தக்க வகையில் இங்கே தொகுக்கிறோம்.

ஊர் நாய் யாருடைய நாய்?

பொறுப்பான நாய் வளர்ப்பு என்று நாளிதழ்களின் இணைப்பிதழ்கள் எழுதுவது அநேகமாக ஒரே காட்சிதான்: கழுத்துப்பட்டை, கயிறு, மாலை நடை, பையில் அள்ளிய கழிவு. இக்காட்சிக்கு ஒரு வீடு, ஒரு நாய், ஓர் உரிமையாளர் என்ற கணக்குத் தேவை. நம் ஊர்களில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. பாகூர்ப் பகுதியின் ஒரு தெருவில் நாய் ஒரு வீட்டில் பழைய சோறு உண்ணும். மற்றொரு வீட்டுத் திண்ணையில் உறங்கும். மூன்றாம் வீட்டு ஆட்டுப்பட்டியைக் காக்கும். அது கடித்தால் எவருடையதும் இல்லை. அது திருடனைப் பார்த்துக் குரைத்தால் எல்லாருடையதும். வளர்ப்பு நாய்க்கும் தெருநாய்க்கும் இடைப்பட்ட இவ்வகை நாய்களே ஊரகத்தில் மிகுதி.

2023 மார்ச்சில் வெளியான விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இரு வகைகளைத்தான் அறியும். ஒன்று வளர்ப்பு விலங்கு. அதன் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமையாளரின் பொறுப்பு. மற்றொன்று சமூக விலங்கு. அதன் பொறுப்பு உள்ளாட்சியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் நாயின் பொறுப்பை எவரும் ஏற்பதில்லை. நாள்தோறும் சோறிடுபவரே அந்நாயின் உரிமையாளர் எனக் கொள்வது நியாயம் என்பதே நம் கருத்து. ஆயினும் மீதிச் சோற்றில் ஒரு பிடியைத் தெருநாய்க்கு வைக்கும் கூலித் தொழிலாளியையும், விலை கொடுத்து வாங்கிய ராட்வீலரைக் காலிமனைக்கு ஓட்டிச் சென்று கழிவிட வைப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது.

இந்த இரண்டாம் வகையினர் வில்லியனூரில் பெருகி வருகின்றனர். புதுச்சேரி–விழுப்புரம் சாலையின் இருமருங்கிலும் வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. மதில் சூழ்ந்த வீடுகள் எழுகின்றன. மதிலுக்குள் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்கின்றன. மதிலுக்குள் தரை ஓடு பதித்திருக்கும். ஆகவே நாய் வெளியே போக வேண்டும். வெளியே என்பது பல இடங்களில் வாய்க்கால் கரை, புறம்போக்கு, அல்லது காலனிக்குச் செல்லும் வழி. வீட்டுக்காரரின் பார்வையில் அது எவருக்கும் சொந்தமில்லாத வெளி. அவ்வழியில் நாள்தோறும் பள்ளிக்கு நடப்பவர்களுக்கு அது தெரு.

நாய்க்குள்ளும் சாதி

நாய் என்னும் விலங்கோடு சாதிச் சமூகம் கொண்ட உறவு விசித்திரமானது. சண்டாளருக்கு நாயும் கழுதையுமே செல்வமாக இருக்க வேண்டும் என்றும், அவர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்றும் மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதித்தது. அந்நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் தீயிட்டனர். அதே ஆண்டு மார்ச்சில் அங்கே சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகும் போராட்டம் நடந்தபோது எழுந்த கேள்வி, விலங்குகள் தடையின்றி வாய்வைக்கும் குளத்தில் மனிதர் கைவைக்கக் கூடாதா என்பதே.

ஆங்கிலேயர் இந்நாட்டுத் தெருநாய்க்கு ‘பரியா டாக்’ எனப் பெயரிட்டனர். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் ‘ஷியேன் பாரியா’ என்றனர். இரண்டிலும் ஒட்டியிருப்பது பறையர் என்னும் மக்களின் பெயர். நாய் ஆர்வலர்கள் சிலர் அண்மைக் காலமாக ‘இந்திய நாட்டு நாய்’ என மாற்றி வழங்குகின்றனர், வரவேற்கலாம். ஆனால் பழைய பெயர் விலங்கியல் எழுத்துகளிலிருந்து இன்னும் முழுதாக நீங்கவில்லை.

பெயரோடு நின்றதா? தென் மாவட்டங்களில் நடந்த தீண்டாமைக் கள ஆய்வுகள், சில ஊர்களில் தலித் குடும்பங்கள் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததைப் பதிவு செய்துள்ளன. சேரியின் ஆண் நாய் ஊரின் பெண் நாயோடு கூடிவிடக் கூடாதாம். 2010இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், தலித் பெண் ஒருவர் ரொட்டி ஊட்டினார் என்பதற்காக ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் நாய் தீட்டுப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்து அப்பெண்ணின் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) கருப்பி என்னும் வேட்டை நாயின் கொலையில் தொடங்குவதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

நாயின் உடலே இவ்வளவு சாதியைச் சுமக்கும்போது அதன் கழிவு மட்டும் வெறும் சுகாதாரச் சிக்கலாக இருக்க முடியாது. நாயைக் கொஞ்சும் கை கழிவைத் தொட மறுப்பதற்கு அருவருப்பு ஒன்று மட்டும் காரணமன்று. கழிவை அள்ள வேறு ஆள் இருக்கிறார் என்ற உறுதி அதன் பின்னால் இருக்கிறது. அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மண்ணுக்குள் நடப்பது

கழிவை உடனே அகற்ற வேண்டும் என்பதற்கு அறிவியல் தரும் காரணம் தெளிவானது. நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியேறும்போது நோய் தரும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்த பிறகே அவை முதிர்கின்றன. முதிர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழிவு காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனபிறகும் முட்டைகள் மண்ணில் இருக்கும். மண்ணில் விளையாடிக் கைகழுவாமல் உண்ணும் குழந்தையின் உடலுக்குள் அவை பொரித்து, ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில நேரங்களில் கண்ணுக்கும் செல்லும். கண்ணுக்குள் சென்ற புழு பார்வையைப் பறிக்கக் கூடும். எனவே அன்றே அள்ளிய கழிவுக்கும் ஒரு மாதம் கிடந்த கழிவுக்கும் வேறுபாடு பெரிது.

கொக்கிப்புழுவுக்கு இவ்வளவு காலமும் வேண்டியதில்லை. அதன் முட்டைகள் ஓரிரு நாளில் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புழுக்கள் தோலைத் துளைக்கும் தகுதி பெறுகின்றன. வெறுங்காலே அவற்றின் வாசல். மணப்பட்டுப் பகுதியின் கடற்கரை மணலும், நிழல்படிந்த ஈர மண்ணும் அவற்றுக்கு உகந்த இடங்கள். காலில் வளைந்து வளைந்து ஊரும் சிவந்த தடிப்போடு மருத்துவமனைக்கு வருபவருக்கு அது நாயிடமிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரியாது.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த நெல்லை நடுபவர்கள் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் சேற்றில் இறங்கும் பெண்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். நிலம் உடையவரின் வீட்டு நாய்க்கழிவு சாணத்தோடு சேர்ந்து எருக்குழிக்குப் போனால், அக்குழியின் எரு வயலுக்குத்தான் போகிறது. சாணம் எருவாவதால் நாய்க்கழிவும் எருவாகும் என்ற எண்ணம் தவறானது. பசு தழை உண்ணும். நாய் இறைச்சியும் எச்சிலும் உண்ணும். குழி நன்றாகச் சூடேறி நெடுநாள் மக்கினாலன்றிப் புழுமுட்டைகள் அழிவதில்லை. நம் ஊர் எருக்குழிகள் அவ்வளவு சூடேறுவது அரிது. நாய்க்கழிவை எருக்குழியில் சேர்க்கவே கூடாது.

மாடு வளர்ப்போர் அறியவேண்டிய ஒன்றும் உண்டு. நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி நாயின் கழிவுவழி தீவனத்திலும் நீரிலும் கலந்து, சினைமாட்டின் கன்று கலைந்துபோகக் காரணமாகலாம். வெட்டிய ஆட்டின் ஈரல், நுரையீரல் முதலியவற்றைப் பச்சையாக நாய்க்கு எறிந்தால் நாடாப்புழு நாய்க்குள் வளர்ந்து, அதன் கழிவுவழி மீண்டும் ஆட்டுக்கும் மனிதருக்கும் நீர்க்கட்டியாகத் திரும்புகிறது. இறைச்சிக் கடைக்காரர் கழிவைப் புதைத்தால் இந்தச் சுழற்சி பாதி அறுந்துவிடும். வெறிநோய் கழிவால் பரவாது. அது கடியாலும் உமிழ்நீராலும் பரவுவது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தெருவில் கிடந்தவை எல்லாம் வாய்க்காலுக்குப் போகின்றன. வாய்க்கால் ஏரிக்குப் போகிறது. வாய்க்காலைத் தூர்வாரவும் ஏரிக்கரையைச் செப்பனிடவும் நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு இறங்குபவர்கள் யார் என்பதை நாம் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே சொல், இரண்டு சட்டங்கள்

நம் கையிலுள்ள சட்டங்களை இக்கோணத்தில் படித்தால் கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு புலப்படும்.

கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013, ‘மனித மலம்’ என்றே பேசுகிறது. உலர் கழிப்பிடம், திறந்த சாக்கடை, குழி, தொடர்வண்டிப் பாதை ஆகியவற்றில் மனித மலத்தைக் கையால் அகற்றுவதே அதன் வரையறை. எனவே நாள்தோறும் தெருவில் நாய்க்கழிவை வெறுங்கையாலும் ஓட்டைத் தட்டாலும் அள்ளும் பணியாளர் இச்சட்டத்தின் கண்ணுக்குக் கையால் மலம் அள்ளுபவர் அல்லர். மறுவாழ்வுத் திட்டமும் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. சட்டம் இயற்றியவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. அவர்கள் முன்னின்ற கொடுமை வேறு அளவிலானது. ஆனால் இந்த இடைவெளி இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

மறுபுறம், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இல் ‘மலம்’ என்ற சொல்லுக்கு முன்னால் மனித என்ற அடைமொழி இல்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய வடிவில், பட்டியல் சாதியினர் வாழும் இடத்திலோ அதன் வாயிலிலோ மலம், சாக்கடைக் கழிவு, விலங்கின் பிணம் அல்லது அருவருக்கத்தக்க பிற பொருளைக் கொட்டுவது கூறு (ஆ)வின்படி குற்றம். தீங்கோ இழிவோ எரிச்சலோ உண்டாக்கும் நோக்கத்துடன் அவர்களின் அக்கம்பக்கத்தில் அவற்றைக் கொட்டுவது கூறு (இ)யின்படி குற்றம். நாயின் கழிவு இச்சொல்லுக்குள் அடங்கும் என வாதிடுவதற்கு எழுத்திலேயே இடம் உள்ளது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

இதனைப் பயன்படுத்துவதில் நிதானம் தேவை. நாயை நடத்திச் செல்பவர் கவனமின்றி விட்டுச்சென்றார் என்பது சோம்பலும் ஆணவமும் ஆகலாம். அது மட்டுமே வன்கொடுமை வழக்காக நிற்காது. ஆனால் மதில்வீட்டுக் கழிவைப் பையில் கட்டிக் காலனி முகப்பில் நாள்தோறும் எறிபவருக்கு, அதைக் கேட்கச் சென்ற பெண்ணிடம் ‘உங்கள் இடம்தானே’ என்பவருக்கு, இந்தப் பிரிவு பொருந்துமா என்று காவல் நிலையத்தில் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. நிழற்படமும் நாளும் நேரமும் எழுதிவைத்த குறிப்பும் இல்லாமல் போகக் கூடாது.

இதே பிரிவின் கூறு (ஒன்பது), ஆங்கில மூலத்தில் ‘ஐ’ என்ற எழுத்திட்ட கூறு, மனித அல்லது விலங்குப் பிணங்களை அகற்றவோ சுமக்கவோ பட்டியல் சாதியினரை வைப்பதைக் குற்றமாக்குகிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இல் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு 7அ, தீண்டாமையின் பேரால் துப்புரவு செய்யவோ பெருக்கவோ பிணம் அகற்றவோ கட்டாயப்படுத்துவதைத் தீண்டாமைக் கடைப்பிடிப்பாகவே கருதுகிறது. நாய் வளர்ப்போர் பொறுப்பு என்னும் பேச்சில் எவரும் தொடாத பகுதி நாயின் சாவு. கடலூர் சாலையில் வண்டியில் அடிபட்ட நாயை, கிணற்றடியில் செத்துக் கிடக்கும் வளர்ப்பு நாயை, அகற்றுவதற்குக் காலனிக்கு ஆள் அனுப்பும் பழக்கம் மறைந்துவிட்டது என நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கொடுக்கப்படும் நூறு ரூபாயும் ஒரு குவளைத் தேநீரும் அதனைத் தன்விருப்பப் பணியாக மாற்றிவிடாது.

பொதுச் சட்டங்களும் உள்ளன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 291, தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய இடரைத் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியது அப்பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை. உரிமையாளரின் அலட்சியத்துக்கு முதல் விலை கொடுப்பவர் எவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பொதுத் தொல்லை பற்றிய பிரிவுகள் 270, 292 ஆகியவை. அபராதம் 1,000 ரூபாய் வரைதான்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016, கழிவை உண்டாக்குபவர் அதனைத் தெருவிலோ, தம் வளாகத்துக்கு வெளியே பொது இடத்திலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ எறியவும் புதைக்கவும் கூடாது என்றன. ஆனால் அவை நகர உள்ளாட்சிகளையும் கணக்கெடுப்பு நகரங்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மேலும் அவை சுகாதாரக் கழிவைத் தனியே உறையிட்டுத் தரச்சொன்ன பட்டியலில் குழந்தை அரைக்கச்சையும் மாதவிடாய் அணையாடையும் உண்டு. வளர்ப்பு விலங்கின் கழிவு பெயர் சொல்லி இல்லை.

பை கட்டிய பிறகு

நகரத்து அறிவுரை பையோடு முடிந்துவிடுகிறது: கழிவைப் பையில் அள்ளுங்கள், குப்பைத்தொட்டியில் போடுங்கள். அந்தப் பையின் பயணத்தை நாம் தொடர்ந்து பார்க்க வேண்டும். முடிச்சிட்ட பை தள்ளுவண்டிக்குப் போகிறது. மக்கும் குப்பை, மக்காக் குப்பை எனப் பிரிக்கும் பணியாளர் அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார். பிரிக்கப்படாவிட்டால் அது கிடங்கில் கிழிகிறது. அங்கே நெகிழி பொறுக்குபவரின் கைக்கு வருகிறது. உரிமையாளரின் கை தப்பியது. கழிவு இன்னும் ஒரு கையைத் தேடிச் சென்றது, அவ்வளவே. புதுச்சேரியின் குரும்பாபேட்டில் அரசின் கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நகரத்தின் குப்பை வந்து குவியும் கிடங்கும் இருக்கிறது. வளர்ப்பு நாயின் நோய்க்கும் அதன் கழிவுக்கும் ஒரே ஊரில் இடம் கிடைத்திருக்கிறது.

பாரிஸ் மாநகரின் பட்டறிவு இங்கே பயன்படும். புதுச்சேரிக்கு அந்நகரம் அந்நியமும் அன்று. 1982இல் பாரிஸ் நகராட்சி, நடைபாதை நாய்க்கழிவை உறிஞ்சி அள்ளும் விசையுந்துகளைப் பணியாளரோடு தெருவுக்கு அனுப்பியது. மக்கள் அதற்குக் கேலிப்பெயரும் வைத்தனர். இருபது ஆண்டுகள் பெருஞ்செலவில் ஓட்டிய பிறகும் தெரு தூய்மையாகவில்லை. அள்ள வண்டி வரும் என்று தெரிந்தபின் உரிமையாளர் குனிய வேண்டிய தேவை என்ன? 2000களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டு, அள்ளாத உரிமையாளருக்கு அபராதம் என்ற வழிக்கு நகரம் மாறியது. நியூயார்க் இதனை முன்பே செய்திருந்தது. 1978 ஆகஸ்ட் 1 முதல் அங்கே நாயோடு நடப்பவர் தாமே அள்ள வேண்டும் என்பது சட்டம். அங்கே அபராதத்தைவிட அக்கம்பக்கத்தாரின் பார்வைதான் பலரைக் குனிய வைத்தது என்பர். நம் ஊரில் அக்கம்பக்கத்தாரின் பார்வை எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தாமே குனிந்து அள்ளுபவரைக் கண்டு சிரிக்கும் பார்வை அது.

ஆகவே விதி ஒன்றுதான் வேண்டும் என்கிறோம்: நாய்க்கழிவு உரிமையாளரின் கையில் தொடங்கி உரிமையாளரின் நிலத்திலேயே முடிய வேண்டும். உண்ட சிறிது நேரத்தில் நாய் கழிவிடும். ஆகவே உணவு நேரத்தை ஒழுங்காக்கி, அதுவரை கட்டிவைத்து, தம் கொல்லையிலேயே ஓரிடத்துக்குப் பழக்கலாம். குட்டியாக இருக்கும்போதே பழக்குவது எளிது. வெளியே நேர்ந்தால் பழைய நாளிதழோ சிறு மண்வெட்டியோ போதும். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் தள்ளி, மழையில் நீர் ஊறாத மேட்டில், தம் வளாகத்துக்குள் ஒன்றரை இரண்டடிக் குழி. ஒவ்வொரு முறையும் மேலே மண் அல்லது சாம்பல். பிறகு சோப்பிட்டுக் கைகழுவல். குட்டிகளுக்கு இரண்டாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை இருவாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்தவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு மருந்து. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின் ஆண்டுதோறும். இவற்றை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமோ பண்ணையாளிடமோ தள்ளுவது உரிமையாளரின் பொறுப்பு நிறைவேற்றம் ஆகாது. பாத்திரம் துலக்க வந்தவரின் கூலியில் நாய்க்கழிவு அள்ளுவது சேராது. கூலி கூட்டித் தந்தாலும் மறுக்கும் உரிமை அவருடையது.

கொல்லை இல்லாதவர் என்ன செய்வது? ஒன்றரை சென்ட் மனையில் நெருக்கி வாழும் காலனிக் குடும்பத்துக்குக் குழிவெட்ட இடமில்லை. அக்குடும்பங்களின் நாய்கள் ஆடு காக்கின்றன; கதவில்லாத வீட்டுக்குக் கதவாக இருக்கின்றன. உரிமம், அபராதம் என்று ஒரு நாள் கொம்யூன் இறங்கினால் முதலில் பிடிபடப்போவது கட்டிப்போட மதில் இல்லாத இந்நாய்கள்தாம். 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, தவறினால் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. அதே தொகையைப் பாகூரின் கூலிக் குடும்பத்திடம் கேட்டால் அது நாயைத் தெருவில் விரட்டும் ஆணையாகவே முடியும்.

எவரிடம் கேட்பது?

கொம்யூன் என்ற அமைப்பே 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையில் பிறந்தது. வில்லியனூரும் பாகூரும் அன்றைய முதல் கொம்யூன்களில் அடங்கும். இன்று அவை 1973ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஆனால் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலே கடைசி. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறவில்லை. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இன்று எந்தத் தெருவிலும் இல்லை. தெருவிளக்கு முதல் நாய்க்கழிவு வரை அனைத்தும் ஆணையரின் மேசைக்கே போக வேண்டும். துணைவிதி ஒன்றை விவாதித்து இயற்றும் மன்றமே இல்லாத இடத்தில் ‘விழிப்புணர்வு’ மட்டும் பேசப்படுவதில் வியப்பில்லை.

எனவே மனு ஆணையருக்குத்தான் எழுத வேண்டும். அதில் கேட்கத்தக்கவை இவை. வளர்ப்பு நாயின் கழிவை அகற்றுவது உரிமையாளரின் கடமை. அது தூய்மைப் பணியாளரின் பணிப்பட்டியலில் சேராது என்று எழுத்துவழி ஆணை. உரிமையாளர் அறியப்படாத நாய்களின் கழிவை அள்ள நீண்ட பிடியுள்ள கருவி, முழங்கால் வரையிலான காலணி, கையுறை. ஒப்பந்தப் பணியாளருக்கும் இவை நிரந்தரப் பணியாளருக்குத் தரும் அதே தரத்தில். பணியாளருக்கு ஆண்டில் இருமுறை குடற்புழு மருந்தும் டெட்டனஸ் தடுப்பூசியும். கருத்தடை, தடுப்பூசி முகாம்கள் காலனிகளில் தொடங்க வேண்டும். பதிவு அங்கே கட்டணமின்றி. மதில்வீட்டாருக்கு அபராதம் வீட்டின் வரிமதிப்பை ஒட்டி. கொல்லை இல்லாத தெருக்களுக்குக் கொம்யூன் செலவில் மூடியிட்ட பொதுக்குழி. செத்த விலங்கை அகற்ற வண்டியும் தூக்கு கருவியும் ஓர் அழைப்பு எண்ணும். குப்பை கொட்டும் இடம் எந்தக் குடியிருப்புக்கு அருகில் இருக்கிறது என்ற வரைபடத்தையும் கேட்க வேண்டும். குப்பைமேடு இருக்கும் இடத்தில்தான் நாய்களும் கூடும், அவற்றின் கழிவும் சேரும்.

மனுவை நேரில் தந்து ஒப்புகை முத்திரை பெற வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுமீது எடுத்த நடவடிக்கையையும், தூய்மைப் பணியாளருக்கு வாங்கிய கருவிகளின் பட்டியலையும் கேட்கலாம். படிகள் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்: தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்துக்கு ஒன்று, புதுச்சேரியையும் தன் எல்லையில் கொண்ட தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின் சென்னை அலுவலகத்துக்கு ஒன்று. மனுவில் கையெழுத்திடுவோர் வரிசையில், அவர்கள் விரும்பினால், முதலில் அத்தெருவைப் பெருக்குபவர்களின் பெயர்கள் இடம்பெறட்டும். ஒப்பந்தக்காரருக்கு அஞ்சி அவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் சொன்னதை நாம் எழுதி நம் பெயரில் கையெழுத்திடலாம்.